நூலகரின் மேசையிலிருந்து தொடங்குதல்: நிக்கொலாய் ஃபியோதரவை வாசிக்கும் முறை

நிக்கொலாய் ஃபியோதரவ் (1829–1903) உயிரோடிருந்தவரை தம் பெயரில் ஒரு நூலைக்கூட வெளியிடவில்லை. மாஸ்கோவின் ருமியான்ஸேவ் அருங்காட்சியக நூலகத்தில் 1874 முதல் 1898 வரை வாசிப்பறைப் பொறுப்பாளராகவும், பின்னர் வெளியுறவு அமைச்சகத்தின் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் இறுதிவரை வாசிப்பறைப் பணியாளராகவும் இருந்தார். கேட்ட நூலைத் தேடியெடுத்துத் தரும் முதியவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிப் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. அவர் இறந்தபின் இரண்டு நண்பர்கள் அவருடைய தாள்களைத் தொகுத்து ‘பொதுப்பணியின் மெய்யியல்’ என்ற தலைப்பில் வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு ரஷ்யச் சமயச் சிந்தனையில் அந்த நூலோடு மல்லுக்கட்டாமல் கடந்து சென்றவர்கள் குறைவு. செர்கேய் புல்காகவும் நிக்கொலாய் பேர்தியாயெவும் அவரைப் பற்றித் தனிக் கட்டுரைகளே எழுதினார்கள்.

அவருடைய அடிப்படைக் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: இறந்துபோன தலைமுறைகள் அனைத்தையும், ஒருவர் விடாமல், மீண்டும் உயிரோடு எழுப்புவது உயிரோடிருக்கும் மனிதர்களின் கடமை, கடவுள் அந்தப் பணியை மனிதரின் கைகளின் வழியாகவே நிறைவேற்ற விரும்புகிறார். இதை முதன்முறை கேட்பவருக்கு வியப்போ எரிச்சலோ வருவது இயல்பு. அந்த வியப்பையும் எரிச்சலையும் தாண்டி அவரை ஓர் இறையியலாளராக எப்படி வாசிப்பது என்பதே இங்கே பேசப்படுவது.

பலரும் செய்யும் பிழை, விண்வெளி பற்றிய பக்கங்களிலிருந்து தொடங்குவது. எழுப்பப்பட்ட தலைமுறைகள் எல்லாம் வாழ இந்தப் பூமி போதாது, ஆகவே மற்ற கோள்களுக்கும் செல்ல வேண்டியிருக்கும் என்று அவர் எழுதியது உண்மைதான். நானும் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் திறந்தேன்; இவர் ஒரு விசித்திரக் கனவாளர் என்று முடிவுகட்டி நூலை மூடிவைத்தேன். மீண்டும் அதை எடுக்க ஆண்டுகள் ஆயின. அந்தப் பக்கங்கள் ஒரு நீண்ட வாதத்தின் கடைக்கோடியில் வருபவை. வாதத்தின் வேரோ நூலகரின் மேசையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால், கோள்களைப் பற்றிய பக்கம் வரும்போது அது கணக்கின் கடைசி வரியாகத் தெரியும்.

ஆகவே முதல் வேலை, அவருடைய பணிநாளை மனத்தில் நிறுத்திக்கொள்வது. ஒரு வாசகர் வந்து ஒரு நூலைக் கேட்கிறார். கேட்ட நூலோடு, அவர் கேட்காத, இருப்பதாகவே அறியாத, ஆனால் அவருடைய ஆய்வுக்கு இன்றியமையாத வேறு சில நூல்களையும் ஃபியோதரவ் மேசைமேல் அடுக்கிவைக்கிறார். நூலகத்தில் இல்லாததைச் சில வேளைகளில் தம் சொற்பச் சம்பளத்திலிருந்தே வாங்கித் தருகிறார். பட்டியலறையில் அவரைச் சுற்றிக் கூடியவர்களில் டால்ஸ்டாயும் மெய்யியலாளர் விளதீமிர் சொலொவியோவும் உண்டு. ஊதிய உயர்வை அவர் மறுத்தார். கிடைத்ததையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். சிறு அறையில் ஒரு பெட்டியின்மேல் படுத்து உறங்கினார். தேநீரும் ரொட்டியுமே பெரும்பாலும் அவருடைய உணவு. இந்தத் துறவைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த மேசையில் நடந்த காரியம். எப்போதோ மறைந்த ஓர் ஆசிரியரை, அவரைத் தேடாத ஒருவரின் முன் கொண்டுவந்து நிறுத்துவதை அவர் ஒவ்வொரு நாளும் செய்தார். அவருடைய இறையியல் முழுவதும் இந்தச் செயலின் விரிவாக்கமே என்பது என் வாசிப்பு.

அவருடைய பிறப்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அவர் இளவரசர் பாவெல் காகாரினின் மகன். ஆனால் திருமண உறவுக்கு வெளியே பிறந்ததால் அந்தக் குடும்பப் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. தந்தையின் பெயரைத் தாங்க முடியாத ஒருவர் தந்தையரை உயிர்ப்பிக்கும் இறையியலை எழுதினார் என்றவுடன், எல்லாவற்றையும் இந்தக் காயத்தைக் கொண்டே விளக்கிவிடத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அந்த விளக்கம் நூலைப் படிக்காமலே முடித்துவிட்ட திருப்தியைத் தந்துவிடும். குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு மேலே செல்லலாம்.

அடுத்து, கையிலிருக்கும் நூல் எப்படி உருவானது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஃபியோதரவ் துண்டுத் தாள்களில் எழுதினார். கோடைகளில் தம் சீடர் நிக்கொலாய் பீட்டர்சனின் ஊருக்குச் சென்று அவர் எழுத, தாம் சொல்லிக்கொண்டே போனார். கருத்துகள் எவருக்கும் உடைமையாகக் கூடாது என்ற கொள்கையால், செய்தித்தாள்களில் வந்த சில கட்டுரைகளையும் பெயரில்லாமலோ பிறர் பெயரிலோ தான் வெளியிட்டார். அவர் இறந்தபின் பீட்டர்சனும் விளதீமிர் கொஷெவ்னிக்கவும் தாள்களை அடுக்கி, வெட்டி, சேர்த்து முதல் தொகுதியை 1906-இல், இன்று அல்மாட்டி எனப்படும் வேர்னி நகரில் அச்சிட்டார்கள். மொத்தம் 480 படிகள். எதுவும் விற்பனைக்கு அல்ல. கேட்டவர்களுக்கும் நூலகங்களுக்கும் இலவசம். இரண்டாம் தொகுதி மாஸ்கோவில் 1913-இல் வந்தது. சோவியத் காலத்தில் ஸ்வெத்லானா செமியோனவாவின் முயற்சியால் 1982-இல் ஒரு தேர்வுத் தொகுப்பு வெளிவந்தது. 1995-இலிருந்து நான்கு தொகுதிப் பதிப்பு வரத்தொடங்கியது. ஆங்கிலத்தில் எலிசபெத் கூத்தாய்சவும் மரிலின் மிண்டோவும் மொழிபெயர்த்த ஒரு தேர்வு 1990-இல் வந்திருக்கிறது. ரஷ்ய மொழி தெரியாதவர்கள் அதை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

இந்த வரலாறு வாசிப்பைப் பல வகையில் பாதிக்கிறது. ஒரே கருத்து பத்து இடங்களில் வரும். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் நீளும். தொடங்கிய வாதம் நடுவில் நின்று வேறொரு கட்டுரையில் தொடரும். இதை எழுத்தாளரின் திறமைக் குறைவாக எண்ணிச் சலிப்படைவதைவிட, பேச்சின் பதிவாக எடுத்துக்கொள்வது நல்லது. நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு பகுதியையும் படிக்கத் தொடங்கும்போது அது எந்த ஆண்டில், எந்த நிகழ்ச்சியைத் தொட்டு எழுதப்பட்டது என்பதைப் பதிப்புக் குறிப்பிலிருந்து எடுத்துத் தாளின் மேலே எழுதிவைப்பேன். நூலின் பெயரையே தொகுத்தவர்கள்தாம் சூட்டினார்கள் என்பதை நினைவில் வைத்தால், ஒழுங்கமைந்த ஒரு தத்துவ முறைமையை அதில் எதிர்பார்த்து ஏமாற மாட்டீர்கள். மனிதரின் பணி பூமியைத் தாண்டிப் பிரபஞ்சம் முழுவதற்கும் உரியது என்று கருதும் சிந்தனைப் போக்கைக் குறிக்கும் ‘ரஷ்யப் பிரபஞ்சவாதம்’ என்ற முத்திரையும் பிற்காலத்தவர் குத்தியதே. அவர் அந்தச் சொல்லால் தம்மை அழைத்துக்கொள்ளவில்லை.

வாசிப்பின் வரிசைக்கு வருகிறேன். முதலில் படிக்க வேண்டியது, 1902-ஆம் ஆண்டளவில் அவரே தம் சிந்தனையைச் சுருக்கி எழுதிய ‘மீயறம், அல்லது பொதுத்தொகுப்பு’ என்ற பகுதி. அது பன்னிரண்டு பாஸ்கா (உயிர்த்தெழுதல் பெருவிழா) கேள்விகளாக அமைந்திருக்கிறது. முதல் கேள்வி செல்வம், வறுமை என்ற சமூகக் கேள்வியை எடுத்து, அதன் இடத்தில் வாழ்வு, சாவு என்ற கேள்வியை வைக்கிறது. ஏழையும் செல்வரும் இருக்கும்வரை ஒற்றுமை இல்லை என்று மற்றவர்கள் சொன்னபோது, சாவு இருக்கும்வரை ஏழ்மையும் போகாது என்றார் அவர். இந்த ஒரு கேள்வியை மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொண்டு யோசிக்கலாம். மற்ற பதினொன்றும் அதன் கிளைகள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது ஒரு சொல்லில் கூர்மையாக நிற்க வேண்டும். ரஷ்ய மொழியில் உயிர்த்தெழுதலுக்கு ‘வஸ்க்ரிசேனியே’ என்றும், உயிர்த்தெழச் செய்தலுக்கு ‘வஸ்க்ரிஷேனியே’ என்றும் ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஃபியோதரவ் இரண்டாவதையே விடாப்பிடியாகப் பயன்படுத்துகிறார். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு: எழுதல் தன்வினை, எழுப்புதல் பிறவினை என்ற இலக்கண வேறுபாடு நமக்குப் பள்ளிப் பாடம். இறந்தவர் எழுவார் என்பது நம்பிக்கை அறிக்கையின் தன்வினை. இறந்தவரை எழுப்புக என்பது அவர் அதிலிருந்து பெற்ற பிறவினைக் கட்டளை. அந்தப் பிறவினைக்கு எழுவாய் யார் என்பதே அவருடைய இறையியலின் மையக் கேள்வி. எழுவாய் கடவுள் மட்டும்தான் என்றால் மனிதனுக்குக் காத்திருப்பதே வேலை. மனிதன் மட்டும்தான் என்றால் அது இறையியலே ஆகாது. பிள்ளைகளின் வழியாகச் செயல்படும் தந்தையாம் கடவுள் என்று அவர் விடை சொன்னார். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் ‘உயிர்ப்பு’ என்ற பொதுச்சொல் வரும் ஒவ்வோரிடத்திலும் இது தன்வினையா பிறவினையா என்று கேட்டுக்கொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, அருங்காட்சியகத்தின் பொருளையும் நோக்கத்தையும் பற்றிய நீண்ட கட்டுரையை எடுக்கலாம். அருங்காட்சியகம் பொருள்களின் சேகரம் அல்ல, ஆள்களின் சபை என்கிறார். ‘சபை’ என்று இங்கே நான் சொல்லும் ரஷ்யச் சொல் ‘சபோர்’. திருச்சபையின் சங்கத்தையும் பேராலயத்தையும் குறிப்பதும் அதுவே. நாம் சாதாரணமாகப் பழம்பொருள் என்று கழித்துவிடும் ஒரு தாளின் பின்னால் அதை எழுதிய கை ஒன்று இருந்தது. ஆவணக் காப்பாளர் காப்பது அந்தக் கைக்குரியவரை. சாவு பிற இடங்களில் முடிவு என்றால் அருங்காட்சியகத்துக்கு அது வேலையின் தொடக்கம். நூலட்டைகளை ஆசிரியர்கள் இறந்த நாள்களின் வரிசையில் அடுக்கி, அந்தந்த நாளில் அவரவரை நினைவுகூர்ந்து, அவரவர் நூலை ஆராய வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

அந்த அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயர், தலைப்பு, ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தடித்த தாள். அச்சாகும் ஒவ்வொரு நூலோடும் அதன் உள்ளடக்கத்தைச் சொல்லும் இப்படி ஓர் அட்டையும் சேர்ந்தே அச்சாக வேண்டும் என்பது நூலகராக அவர் வைத்த கோரிக்கை. அலமாரியில் ஒரு நூல் இடம் மாறி வைக்கப்பட்டால் அது இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. அட்டை சரியாக இருந்தால் எத்தனை காலம் கழித்தும் அதை எடுத்துவிடலாம். சிதறிப்போன தந்தையரின் துகள்களைத் தேடிச் சேர்ப்பது பற்றி அவர் எழுதும் பக்கங்கள் இந்த அட்டைப்பெட்டியின் அருகிலிருந்து எழுதப்பட்டவை என்று உணர்ந்தபோதுதான் அவை எனக்குக் கதவைத் திறந்தன.

மூன்றாவதாக வருவது பெரும் படைப்பு. அதன் முழுத் தலைப்பு ஏறத்தாழ இப்படி அமையும்: ‘சகோதரத்துவம் அல்லது உறவு பற்றிய கேள்வி, உலகின் சகோதரமற்ற, உறவற்ற, அதாவது அமைதியற்ற நிலைக்கான காரணங்களும் உறவை மீட்கும் வழிகளும், கற்றோருக்கும், குருமாருக்கும் உலகியலாருக்கும், நம்புவோருக்கும் நம்பாதோருக்கும் கல்லாதோர் விடுக்கும் மடல்.’ இந்தத் தலைப்பை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அதுவே உள்ளடக்கப் பட்டியல்.

இந்த மடல் முதலில் ஒருவருக்கு எழுதத் தொடங்கிய பதில். பீட்டர்சன் தம் ஆசிரியரின் கருத்துகளைப் பெயர் சொல்லாமல் தஸ்தயேவ்ஸ்கிக்கு எழுதி அனுப்பினார். 1878 மார்ச்சில் தஸ்தயேவ்ஸ்கி மறுமொழி எழுதி, இவர் யார் என்று கேட்டார். தாமும் சொலொவியோவும் உண்மையான, சொற்பொருள்படியான, ஆள்முறையிலான உயிர்ப்பையே நம்புவதாகவும் சொன்னார். அதற்கு விடை எழுத உட்கார்ந்த ஃபியோதரவின் விடை நீண்டுகொண்டே போயிற்று. 1881-இல் தஸ்தயேவ்ஸ்கி இறந்துவிட்டார்; அந்த விடை அவரைச் சேரவேயில்லை. ஆகவே இதை இறந்த ஒருவருக்கு எழுதிக்கொண்டேயிருந்த கடிதமாகவும் படிக்கலாம்.

நூல் தொடங்கும் இடம் விண்ணகமும் அல்ல, கல்லறையும் அல்ல. 1891-ஆம் ஆண்டின் வறட்சியும் பஞ்சமும். ரஷ்யாவின் களஞ்சியமாக இருந்த மாகாணங்களே பட்டினி கிடந்த அந்த ஆண்டில், அமெரிக்காவில் வெடிமருந்தைக் கொண்டு மழை பெய்விக்கும் சோதனை நடந்த செய்தி வந்தது. அந்தச் சோதனைகள் நம்பத்தக்க பலன் எதையும் தரவில்லை என்பது இன்று தெரியும். அதனால் இந்தப் பகுதியைத் தள்ளிவிட வேண்டாம். கொல்வதற்கென்று திரட்டிய படையும் கருவியும் உணவு விளைவிக்கத் திரும்பினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கிறார். கண்மூடித்தனமாக உயிர் கொடுத்துக் கண்மூடித்தனமாக எடுக்கும் இயற்கையை அறிவோடு நெறிப்படுத்துவது என்ற அவருடைய கருத்து, ஒரு பஞ்ச ஆண்டின் வயல்வெளியில் பிறக்கிறது. இதை மனத்தில் வைத்தால், எழுப்புதல் பற்றிய பேச்சில் ரொட்டியின் மணம் எப்போதும் இருப்பது தெரியும்.

இந்த நூலை ஒரு நாளுக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்க வேண்டாம். படிக்கும்போது நான்கு சொற்களை மட்டும் தனித்தாளில் பின்தொடர்ந்தால் போதும். முதலாவது ‘கற்றோர், கல்லாதோர்’: செல்வர், ஏழை என்ற பிளவைவிடச் சிந்திப்பவர், செய்பவர் என்ற பிளவையே அவர் கொடியதாகக் கண்டார். இரண்டாவது ‘மகன்’: மனிதன் என்ற பொதுச்சொல் அவருக்குப் போதவில்லை, ஒவ்வொருவரும் இறந்த பெற்றோரின் மகன் அல்லது மகள் என்பதே அவர் தரும் வரையறை. சகோதரத்துவத்தை முழங்கிக்கொண்டு தந்தையரை மறந்தால், எந்த வயிற்றில் உடன்பிறந்தோம் என்பதே மறந்துபோகும் என்பது அவர் வாதம்.

மூன்றாவது சொல் ‘திரித்துவம்’. இறையியல் வாசகருக்கு மிகவும் செழிப்பான இடம் இது. இங்கே தங்கிச் செல்லுங்கள். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூன்று ஆள்கள், கலந்துவிடாமல், பிரிந்துவிடாமல், ஒன்றாயிருப்பதாகத் திருச்சபை அறிக்கையிடுகிறது. ஃபியோதரவ் இதை அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டிய கோட்பாடு என்ற அளவில் நிறுத்தவில்லை. செய்து காட்ட வேண்டிய கட்டளையாக வாசித்தார். ஒருவரை ஒருவர் விழுங்கிவிடும் ஒற்றுமையும் வேண்டாம், ஒருவரை ஒருவர் விலக்கிவிடும் விடுதலையும் வேண்டாம் என்று சொல்லும் சமூக வரைவு, அவருக்கு, இந்தக் கோட்பாட்டிலேயே இருந்தது. யோவான் நற்செய்தியில் எல்லாரும் ஒன்றாயிருக்கும்படி இயேசு செய்யும் மன்றாட்டை அவர் திரும்பத் திரும்ப எடுக்கிறார். எல்லாரும் என்றால் இறந்தவர்களும்தானே என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. எனக்கு இன்றும் முடியவில்லை.

நான்காவது ‘ஆலயத்துக்கு வெளியேயான வழிபாடு’. நற்கருணையில் அப்பமும் இரசமும் உடலும் குருதியுமாகின்றன என்று நம்புகிறவர்கள், மண்ணிலிருந்து தந்தையரின் உடலும் குருதியும் மீளும் பணியையும் அந்த வழிபாட்டின் தொடர்ச்சியாக ஏற்க வேண்டும் என்கிறார். இதோடு சேர்த்து விவிலியத்தின் யோனா கதையையும் படியுங்கள். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அறிவிக்கப்பட்டது, மக்கள் மனந்திரும்பினார்கள், நகரம் அழியவில்லை. இறுதித் தீர்ப்பு பற்றிய முன்னறிவிப்பும் இப்படிப்பட்ட எச்சரிக்கையே, நிறைவேறியே தீர வேண்டிய விதி அல்ல என்றார் ஃபியோதரவ். ஒருசாரார் மட்டுமே மீட்கப்படுவதை ஏற்க மறுத்த அவருடைய உள்ளம் இந்த வாசிப்பில் முழுதாகத் தெரிகிறது. பேர்தியாயெவ் பெரிதும் பற்றிக்கொண்டதும் இதையே.

இடறும் பகுதிகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பயனில்லை. ஜார் மன்னராட்சியைத் தந்தையரின் இடத்தில் நிற்கும் அதிகாரமாக அவர் போற்றினார். இஸ்லாம் முதலிய சமயங்களைப் பற்றிய அவருடைய தீர்ப்புகள் நியாயமானவை அல்ல. இந்தப் பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தால் அவர் ஒழுங்கான நம் காலத்து மனிதராகிவிடுவார். அது பொய்யான ஃபியோதரவ். முழுதாகப் படித்து, உடன்படாததை உடன்படாமலேயே குறித்துவையுங்கள்.

அதைவிட ஆழமான மறுப்பு இறையியலாளர்களிடமிருந்து வந்தது. 1882-இல் சொலொவியோவ் அவருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துவின் வழியில் மனித ஆன்மா எடுத்துவைத்த முதல் முன்னடி என்று அவருடைய கருத்தைப் போற்றி, அவரைத் தம் ஆசிரியராகவும் ஞானத்தந்தையாகவும் அழைத்தார். பிறகு சொலொவியோவே, மனிதர்கள் இன்று இருக்கும் நிலையில் எழுப்பப்படுவது விரும்பத்தக்கதா என்று தயங்கினார். கேயோர்கி ஃபிளோரவ்ஸ்கி 1937-இல் வெளியான ரஷ்ய இறையியல் வரலாற்றில் மேலும் கடுமையாக, இதில் அருளுக்கு இடமில்லை, கிறிஸ்துவின் சிலுவைக்கு இடமில்லை, வேலைத்திட்டம் மட்டுமே இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பெரும் படைப்பை முடித்தவுடன் ஃபிளோரவ்ஸ்கியின் அந்தப் பக்கங்களைப் படிப்பது நல்லது. முன்னதாகப் படித்தால் முடிவு தெரிந்த வழக்கைக் கேட்பதுபோல் ஆகிவிடும். என் மட்டில், ஃபிளோரவ்ஸ்கி சுட்டும் குறை உண்மையானது. ஆனால் அருளைப் பற்றிச் சரியாகப் பேசியவர்களில் எத்தனை பேர் பெயர் தெரியாத இறந்தவருக்காக இத்தனை கவலைப்பட்டார்கள் என்ற கேள்வியும் உண்மையானது.

செல்வாக்கைத் தேடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏவுகணை அறிவியலின் முன்னோடியான சியோல்கோவ்ஸ்கி இளமையில் மாஸ்கோவின் செர்த்கவ் நூலகத்தில் ஃபியோதரவிடம் உதவி பெற்றார் என்பது உறுதி. ஆனால் அவருடைய நினைவுகளில் நாம் காண்பது, காது கேளாத ஓர் ஏழை மாணவனுக்குத் தடைசெய்யப்பட்ட நூல்களையும் எடுத்துக் கொடுத்த எளிய நூலகரை. விண்பயணத்தின் கருத்தே கைமாறியது என்ற கதையை அந்த அளவுக்கு நீட்ட வேண்டாம். எழுத்தாளர் அந்திரேய் பிளத்தோனவிடம் ஃபியோதரவின் தடம் இன்னும் தெளிவு. அங்கே இறந்தவர்களுக்காக ஏங்கும் எளிய மனிதர்கள் பக்கம் பக்கமாக வருகிறார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. இந்த நூலைத் தனியாகப் படிக்க வேண்டாம். பெரும்பகுதியும் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியதால், வாய்விட்டுப் படிக்கும்போது அந்த அரைப் பக்க வாக்கியங்கள் மூச்சுக்கு மூச்சு பிரிந்து பொருள் தருகின்றன. இயன்றால் கடவுள் நம்பிக்கை உள்ள ஒருவரும் இல்லாத ஒருவரும் சேர்ந்து உட்காருங்கள். அந்த மடலின் முகவரியில் இருவரும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறார்கள்.